என்ர காணி, அவற்ற கையெழுத்து

காணி என்ர பேரிலைதான் கிடக்கு. அதிலை ஆருக்கும் சந்தேகம் இல்லை. கிளிநொச்சிக்குப் பக்கத்திலை அரை ஏக்கர், ஒரு கிணறு, ஒன்பது தென்னை, அதிலை நாலுக்கு ஷெல்லடியிலை தலை போட்டுது. சமாதான காலத்திலை பாதை திறந்திருந்த நேரம் எனக்குக் கலியாணம் நடந்தது. அப்பா வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், நொத்தாரிசுக்கு முன்னாலை வைச்சு, சீதனமா என்ர பேருக்கு எழுதித் தந்தவர். அந்த உறுதி இஞ்சை இத்தாலியிலை, பலேர்மோவிலை எங்கட அலுமாரிக்குள்ளை, பிள்ளையின்ர தடுப்பூசி மட்டையோடையும் மூண்டு பேற்ற பெர்மெஸ்ஸோ எண்ட வதிவிட அனுமதிக் கடுதாசியளோடையும் ஒரே பையிலை கிடக்கு. வாசிச்சுப் பாத்தால் என்ர பேர் இருக்கும், அப்பான்ர பேர் இருக்கும், நாலு எல்லைக் காணிக்காரற்ற பேரும் இருக்கும். என்ர மனிசன்ர பேர் ஒரு இடத்திலையும் இல்லை. அதாலை நான் இவ்வளவு வருசமும் அது என்ர காணி எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன். விசரி.

அந்தக் காணியிலை இப்ப இருக்கிறவள் என்ர தங்கச்சி. கடைசிச் சண்டையிலை மனிசனைப் பறிகுடுத்தவள். ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள், மூத்தவளுக்குப் பதினெட்டு, இளையவளுக்குப் பதினாறு. தகரத்தாலை அடைச்ச கொட்டில். கதவுக்குக் கொண்டி இல்லை, கம்பியாலை இழுத்துக் கட்டுறது. கிணத்தடியிலை பழைய சீலையைக் கட்டி மறைச்சுப்போட்டுக் குளிக்கிறாளவை. போன வருசம் ஆரோ ஒரு அறுவான் வந்து கதவை உலுக்கினவனாம். அதுக்குப் பிறகு தங்கச்சி கதவடியிலை குறுக்கைதான் படுக்கிறவள். அவளுக்குச் சீதனம் எண்டு ஒண்டும் கிடைக்கேல்லை. அவள் கட்டேக்கை சண்டை திரும்பத் தொடங்கியிட்டுது, ஒரு விளக்கைக் கொளுத்தி வைச்சுத் தாலி கட்டினதுதான். பிறகு அப்பாவும் அந்தச் சண்டையோடையே போட்டார்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நான் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிக்கேக்கை அவள் ஃபோன் எடுத்தாள். வீட்டுத்திட்டத்திலை அவளின்ர பேர் வந்திட்டுதாம். கல்வீடு. ரெண்டு அறை, ஒரு குசினி, வீட்டுக்குள்ளையே கக்கூஸ், பூட்டுப் போடுற கதவு. பூட்டுப் போடுற கதவு எண்டதை மட்டும் மூண்டு தரம் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனைதான். காணி அவளின்ர பேரிலை இருக்கவேணும், வைகாசி முடியிறதுக்குள்ளை உறுதியைக் கொண்டுபோய்க் காட்டவேணும். இல்லாட்டி அந்த வீடு பட்டியலிலை அடுத்த ஆளுக்குப் போயிடும். நான் ரோட்டிலை நிண்டு சிரிச்சன். இதுவும் ஒரு விசயமே, காணி என்ர, நான் எழுதித் தாறன், நீ அழாதை எண்டு சொன்னன். அவள் சந்தோசத்திலை அழுதுகொண்டே இருந்தாள். எனக்குப் பஸ் போட்டுது.

அங்கத்தை நொத்தாரிசுதான் குண்டைத் தூக்கிப் போட்டது. நான் அங்கை போகத் தேவையில்லையாம், எனக்குப் பதிலாக் கையெழுத்து வைக்க ஒரு சொந்தக்காரனுக்கு அற்ரோணித் தத்துவம் எழுதி அனுப்பினால் காணுமாம். ஆனா என்ர மனிசன்ர சம்மதமும் அதிலை வேணுமாம். இதைக் கேட்டு வந்து சொன்ன தங்கச்சி பிழையா விளங்கியிட்டாள் எண்டு நினைச்சு நானே அந்த ஐயாவோடை கதைச்சன்.

"அம்மா, காணி உங்கடைதான். ஆனா நீங்கள் கலியாணம் கட்டின பொம்பிளை. மனிசன் எழுதிச் சம்மதம் தராமல் அதை நீங்கள் விக்கவும் ஏலாது, ஒருத்தருக்குக் குடுக்கவும் ஏலாது."

ஏன் எண்டு கேட்டன். அதுதான் தேசவழமைச் சட்டம், எங்கட ஆக்களுக்கெண்டு இருக்கிற சட்டம் எண்டு அந்த மனுசன் கொஞ்சம் பெருமையாச் சொன்னது. சிங்களப் பொம்பிளையளுக்கு இது இல்லையாம், எங்களுக்கு மட்டும்தானாம். அப்ப என்ர மனிசன் தன்ர காணியை விக்கிறதெண்டால் என்ர கையெழுத்து வேணுமோ எண்டு கேட்டன். வேண்டாமாம். உண்மைதான், நாலு வருசத்துக்கு முதல் இவர் தன்ர பங்குக் காணியை வித்தவர். இவற்ற தமையன் வேற ஏதோ கதைக்கேக்கை வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கே அது தெரியும். கடவுள் வரம் குடுத்தாலும் பூசாரி விடான் எண்டு சொல்லுவினம். இஞ்சை பூசாரி எனக்குப் பக்கத்திலைதான் படுத்துக் குறட்டை விடுறார்.

இவரைப் பற்றி நான் கூடாமல் சொல்ல ஏலாது. அதுதான் பெரிய கரைச்சல். குடிக்கமாட்டார். கை நீட்டினதில்லை. துறைமுகத்திலை, நாப்போலிக்குப் போற கப்பல் வந்து நிக்கிற இடத்துக்குப் பக்கத்திலை, ஒரு கிட்டங்கியிலை பெட்டி இறக்குற வேலை. விடிய அஞ்சு மணிக்குப் போனால் நாரி முறிஞ்சுதான் வருவார். அடிக்கிற மனிசன் எண்டால் ஊரே வந்து எனக்காகக் கதைக்கும். இவரிட்டை இருக்கிற ஒரே ஆயுதம் 'பாப்பம்'. ஓம் எண்டும் சொல்லார், இல்லை எண்டும் சொல்லார். பாப்பம்.

முதல் தரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டு வைச்சிட்டுக் கேட்டன். "பாப்பம்" எண்டார். அடுத்த கிழமை கேட்டன், இப்பதானே கேட்டனீர், பாப்பம் எண்டார். மாசி மாதம் முழுக்கப் பாப்பம். சண்டை பிடிக்கிறதுக்கு எதிரிலை ஒரு ஆள் நிக்கவேணும். இவரோடை சண்டை பிடிக்கிறது தலையணைக்குக் குத்துற மாதிரி. நான் கத்துவன், அவர் ஃபோனைப் பாத்துக்கொண்டு இருப்பார், நான் களைச்சுப்போய் ஏதனங்களைக் கழுவப் போவன். பல்லரோச் சந்தையிலை கணவாய் வாங்கிக்கொண்டு வந்து, தேங்காய்ப்பால் விட்டு அவருக்குப் பிடிச்ச மாதிரி வைச்சன். நல்லாச் சாப்பிட்டார். சாப்பிட்டிட்டு, கணவாய் திறம் எண்டார். சீ, என்ர காணிக்கு நானே கணவாய்க்கறி லஞ்சம் குடுக்கிறன் எண்டு நினைக்க எனக்கு என்னிலையே அருவருப்பா இருந்தது.

நான் வேலை செய்யிற வீடு பழைய நகரத்திலை, கால்சா எண்ட பகுதியிலை, திருத்திக் கட்டின ஒரு பழைய மாளிகையின்ர மூண்டாம் மாடி. சின்யோரா, அதுதான் வீட்டுக்கார அம்மா, எழுபதைத் தாண்டினவ, படிப்பிச்சு ஓய்வெடுத்தவ. மார்ச் எட்டாம் திகதி மகளிர் நாள் எண்டு ஒவ்வொரு வருசமும் எனக்கு மஞ்சள் மிமோசாப் பூக்கொத்து தருவா. இந்த வருசமும் தந்தா. தந்துபோட்டு, ஏன் உன்ர முகம் இப்பிடிக் கிடக்கு எண்டு கேட்டா. கேட்டவுடனை எனக்கு அடக்க ஏலாமல் போட்டுது. எல்லாத்தையும் சொன்னன். என்னைவிட அவவுக்குத்தான் கோவம். நீ இத்தாலியிலை இருக்கிறாய், உன்னட்டை ஒருத்தரும் மனிசன்ர கையெழுத்துக் கேக்க ஏலாது எண்டா. நான் இத்தாலியிலை இருக்கிறன் சின்யோரா, காணி இஞ்சை இல்லையே எண்டன். தங்கட நாட்டிலையும் ஒரு காலம் இப்பிடிச் சட்டம் இருந்ததாம், பொம்பிளையள் சேர்ந்து நிண்டு மாத்தினவையாம். எத்தினை வருசம் பிடிச்சது எண்டு கேட்டன். யோசிச்சுப்போட்டு, கனகாலம் எண்டா. எனக்கு வைகாசி மட்டும்தான் நேரம் இருந்தது. இவரைத் தன்னட்டைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னா, தான் கதைக்கிறாவாம். எங்கட மனிசன் வந்து, தலையை ஆட்டி, சீ சீ சின்யோரா எண்டு இத்தாலியனிலை நூறு தரம் ஓம் போட்டு, அவ தந்த கோப்பியைக் குடிச்சிட்டு, படியாலை இறங்கேக்கை பாப்பம் எண்டு சொல்லுவார். நான் கூட்டிக்கொண்டு போகேல்லை.

திரும்ப நொத்தாரிசுக்கு எடுத்து, வேற வழியே இல்லையோ எண்டு கேட்டன். ரெண்டு வழி இருக்காம். ஒண்டு, மனிசன் நியாயம் இல்லாமல் மறுக்கிறார் எண்டு அங்கை கோட்டிலை போய் முறையிட்டால், அவற்ற சம்மதத்துக்குப் பதிலா நீதிபதி சம்மதம் குடுக்கலாமாம். அதுக்கு நான் அங்கை போய், சனத்துக்கு முன்னாலை ஏறி நிண்டு, என்ர மனிசனுக்கு எதிரா வழக்குச் சொல்லவேணும். வைகாசிக்குள்ளை முடியாது, தவணை தவணையா இழுபடும் எண்டு அவரே சொன்னார். மற்றது, மரணசாசனம். நான் செத்தாப் பிறகு காணி தங்கச்சிக்கு எண்டு எழுதி வைக்கிறதுக்கு மனிசன்ர கையெழுத்துத் தேவையில்லையாம். உயிரோடை இருந்து குடுக்கத்தான் ஏலாது, செத்துக் குடுக்கலாம். இதைச் சொல்லிப்போட்டு அந்த மனுசனுக்கே ஒரு மாதிரிப் போட்டுது போலை, இருமினார்.

சித்திரை மாதம் இலங்கைத் தூதரகத்தார் பலேர்மோவுக்கு வருவினம் எண்டு செய்தி வந்தது. வருசத்திலை ஒருக்காவோ ரெண்டு தரமோ ஒரு மண்டபத்தை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து, பாஸ்போட், பிறப்புப் பதிவு, அற்ரோணிப் பத்திரம் எல்லாம் செய்து குடுப்பினம். இல்லாட்டி நாங்கள் ரோமுக்கு ஓடவேணும். தங்கச்சி இதை அறிஞ்சு நேரை இவருக்கே ஃபோன் எடுத்திட்டாள். "அத்தான்" எண்டு தொடங்கி அழுதிருக்கிறாள். இவர், சரி பிள்ளை, அழாதை, செய்வம் எண்டார். நான் குசினி வாசல்லை நிண்டு என்ர காதாலை கேட்டன். பாப்பம் இல்லை. செய்வம். அண்டைக்கு நான் கணவாய் சமைக்கவும் இல்லை.

அந்த ஞாயிறு விடிய எழும்பித் தலை முழுகி, நல்ல சீலை உடுத்தன். மகளும் வந்தவள், அவளின்ர பாஸ்போட் முடியிற நிலை. அவளுக்குப் பதினைஞ்சு வயது. மூண்டு வயதிலை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இஞ்சை வந்திறங்கினவள், இப்ப தமிழும் இத்தாலியனும் கலந்து இந்த ஊர்ப் பெடியள் மாதிரி இழுத்து இழுத்துக் கதைப்பாள். மண்டபம் நிறைய எங்கட சனம். கோயில் திருவிழாவிலையும் அவ்வளவு பேரைக் காணேலாது. நம்பர் எடுத்துக்கொண்டு மூண்டு மணித்தியாலம் இருந்தம்.

இருக்கேக்கை இவற்ற ஊர்க்காரர் ஒராள் வந்து பக்கத்திலை குந்தினார். என்ன அலுவல் எண்டு கேட்டார், இவர் சொன்னார். அந்தாள் பகிடியாத்தான் கேட்டது, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிக் கேட்டது. "மனிசியின்ர சீதனத்தை மச்சாளுக்கு எழுதிப்போட்டு, நாளைக்குப் பெட்டைக்கு என்னத்தைக் குடுக்கப் போறாய்?" சுத்தியிருந்த ஆம்பிளையள் சிரிச்சவை. இவரும் சிரிச்சார். பதினெட்டு வருசத்துக்கு மேலை ஒரு ஆளோடை வாழ்ந்தால் சிரிப்பிலையே எல்லாம் விளங்கும்.

எங்கட நம்பரைக் கூப்பிட்டினம். மேசையிலை இருந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை, முப்பது வயதும் இராது, கண்ணாடி போட்டிருந்தாள். நல்ல மரியாதையாக் கதைச்சாள். கடுதாசியளைப் பாத்து எல்லாம் சரி எண்டு சொல்லிப்போட்டு, என்ர கையெழுத்துக்கு ஒரு இடத்திலையும் இவற்ற கையெழுத்துக்கு ஒரு இடத்திலையும் பென்சிலாலை புள்ளி வைச்சாள். பேனையை இவரிட்டைத்தான் முதல் நீட்டினாள். ஐயா, நீங்கள் மனம் விரும்பித்தான் சம்மதிக்கிறியளோ எண்டு கேட்டாள். அது அவள் கேக்கவேண்டிய கேள்விதான்.

இவர் பேனையை வாங்கேல்லை.

"இல்லை மிஸ், இதை நாங்கள் ஆறுதலாச் செய்வம். அவவும் அப்பிடித்தான் நினைக்கிறா. என்னப்பா?" எண்டு என்ர பக்கம் திரும்பினார்.

அந்தப் பிள்ளை என்னைப் பாத்தாள். "அம்மா?" எண்டாள். பின்னாலை வரிசையிலை நிண்ட சனம் முழுக்கப் பாத்தது. அந்த ஊர்க்காரரும் கழுத்தை நீட்டிப் பாத்துக்கொண்டு நிண்டார்.

"ஓம்" எண்டன்.

நான் வாயில்லாத பூச்சி இல்லை. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற இடத்திலை, வரிசையிலை இடையிலை பூந்தவனை வெளியாலை போகப் பண்ணினனான். பிள்ளையின்ர காய்ச்சலைச் சும்மா தடிமன் எண்டு சொன்ன டொக்டரோடை சண்டை பிடிச்சு இரத்தம் சோதிக்க வைச்சனான். இத்தாலியனுக்கு முன்னாலை எண்டால் இவரையே பிடிச்சுத் திட்டியிருப்பன். ஆனா அது எங்கட சனம். எங்கட சனத்துக்கு முன்னாலை மனிசன்ர சொல்லைத் தட்டப்படாது, சபையிலை அவரை விட்டுக்குடுக்கப்படாது, என்னவெண்டாலும் வீட்டை போய்க் கதைக்கலாம். இதை ஆரும் எனக்கு இருத்தி வைச்சுச் சொல்லித் தரேல்லை. எங்கட பொம்பிளையள் எல்லாரும் அப்பிடித்தான் நடக்கிறம், நானும் நடந்தன். தலையை ஆட்டினதோடை நிக்காமல் கொஞ்சம் சிரிச்சும் வைச்சன், இவருக்கு மரியாதை குறையக் கூடாதெண்டு. அந்தச் சிரிப்பை நினைச்சால் இப்பவும் என்ர வாயிலை அடிக்கவேணும் போலை கிடக்கு. அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேனையைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தாள். பிறகு கடுதாசியளை அடுக்கி என்னட்டைத் தந்திட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

வெளியிலை வந்து, சனம் குறைஞ்ச ரோட்டுக்குத் திரும்பினவுடனை நான் வெடிச்சன். அந்தக் குமர்ப்பிள்ளையள் ரெண்டும் கம்பி கட்டின கதவுக்குள்ளை கிடக்கிறதை நினைச்சுப் பாருங்கோ எண்டு கத்தினன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னன். இவர் நடந்துகொண்டே, நான் என்ன எனக்காகவோ கேக்கிறன், பிள்ளைக்காகத்தானே எண்டார். கலியாணத்தண்டு அவளின்ர பேருக்கு எழுதிக் குடுக்க எங்களிட்டை வேற என்ன இருக்கு எண்டார். மகள் நடுரோட்டிலை நிண்டிட்டாள். "பப்பா, எனக்கு அது வேண்டாம். நான் உங்களிட்டைக் கேட்டனானோ?" எண்டாள். நீ சின்னப்பிள்ளை, உனக்கு இது விளங்காது எண்டு அவளின்ர தலையைத் தடவிவிட்டார். அன்பாத்தான் தடவினது. நான் திரும்பவும் கத்தத் தொடங்க, என்ர பக்கம் திரும்பி ஆறுதலாச் சொன்னார்.

"நீர்தானே ஓம் எண்டனீர். அவ்வளவு சனமும் கேட்டது."



பிறகும் நான் சும்மா இருக்கேல்லை. ரோமுக்குப் போவம் எண்டு கெஞ்சினன். பாப்பம் எண்டார். மூண்டு நாள் அவரோடை கதைக்காமல் இருந்து பாத்தன், அது அவருக்கு ஒரு ஆறுதல் போலைதான் இருந்தது. ஒரு நாள் அவற்ற கையெழுத்தை நானே போட்டுப் பாத்தன், மின்சார பில்லின்ர பின்பக்கத்திலை, ஏழெட்டுத் தரம். சரியாக் கூட வந்தது. ஆனா தூதரகத்தார் ஆளை நேரை கண்டுதான் கையெழுத்தை எடுப்பினம், அந்தக் கையெழுத்தை வைச்சு நான் என்ன செய்ய? கிழிச்சுக் குப்பையிலை போட்டன். வைகாசி முப்பத்தொண்டு ஒரு சனிக்கிழமை. அண்டைக்குச் சின்யோரா வீட்டு யன்னல் எல்லாம் துடைச்சன், துடைச்சதையே திரும்பவும் துடைச்சன்.

வீடு அடுத்த ஆளுக்குப் போட்டுது. தங்கச்சிக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியாமல் ரெண்டு நாள் ஃபோனை எடுக்கேல்லை. பிறகு எடுத்து உள்ளதைச் சொன்னன், அந்த மேசையடியிலை நான் ஓம் எண்டதையும் சொன்னன். பேசுவாள் எண்டு நினைச்சன். பேசினால் நல்லா இருக்கும் எண்டும் நினைச்சன். அவள் பேசேல்லை. சனத்துக்கு முன்னாலை கேட்டால் நானெண்டாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன் அக்கா எண்டாள். எனக்கு அழுகையும் வரேல்லை.

ஐப்பசி மழை தொடங்கினாப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கச்சி வீடியோ அனுப்பினாள். குறை சொல்ல அனுப்பேல்லை, அந்த முறை மழை எப்பிடி எண்டு காட்டத்தான். கொட்டிலுக்குள்ளை கணுக்கால் அளவு தண்ணி. பிள்ளையள் ரெண்டும் கட்டிலுக்கு மேலை புத்தகங்களோடை ஏறி இருந்து கை காட்டினாளவை. இவர் வேலையாலை வந்து படுத்திருந்தார். மகள் என்ர ஃபோனை வாங்கி அதை ரெண்டு தரம் பாத்தாள். பிறகு குசினிக்கு வந்து, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கிற இடத்திலை, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"அம்மா, அந்தக் காணி எனக்குத்தானே?"

உனக்குத்தான் எண்டு அப்பா சொல்லுறார் எண்டன்.

"எப்ப என்ர பேருக்கு வரும்?"

"உன்ர கலியாணத்தண்டு எழுதுவினம்."

அவள் ஃபோனைத் திரும்பப் பாத்தாள். முகம் தெளிஞ்சிட்டுது. "அப்ப சரி. வந்த அடுத்த நாளே நான் சித்தியின்ர பேருக்கு எழுதிக் குடுத்திடுவன். அது என்ரதானே, ஆர் என்னைத் தடுக்கிறது?"

நான் கத்தியை வைச்சிட்டு அவளைப் பாத்தன்.

"குடுக்கலாம் பிள்ளை," எண்டன். "உன்ர மனிசன் கையெழுத்து வைச்சால்."

நான் பகிடி விடுறன் எண்டு நினைச்சு அவள் சிரிச்சாள்.